கீழ் வீட்டுப் பூசணமும் மேல் வீட்டுக் குளியலறையும்

1. முதல் நாள்

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே ஒரு வீட்டையே தும்ம வைத்தவள் நான்.

அம்பத்தூரில் ஒரு மாடி வீடு. படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். அதற்கு முன்னால் நான் கட்டட வேலையில் சித்தாள். கலவை போடத் தெரியும், செங்கல் சுமக்கத் தெரியும், பூசணத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. முதலாளி கம்பி பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "சொரண்டிக்கினு இரும்மா, தோ வந்துர்றேன்" என்று டீ குடிக்கப் போய்விட்டார். அறையில் புழுக்கம் தாங்கவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு மாய்ந்து மாய்ந்து தேய்த்தேன்.

கால் மணி நேரத்தில் வீட்டுக்காரர் தும்ம ஆரம்பித்தார். அடுத்து அவர் மனைவி. அதற்கடுத்து நான். சாமி படங்கள், வெள்ளை மெத்தை விரிப்பு, சமையலறையில் மூடாமல் வைத்திருந்த இட்லி மாவு என்று எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பொடி. முதலாளி திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, பூசணத்த சொரண்டச் சொன்னா ஊடு பூரா வெத வெதச்சி வெச்சிகிறியே!"

அன்று சாயங்காலம் வரை அந்த வீட்டைத் துடைத்தேன். இட்லி மாவு போனதற்கு வீட்டுக்கார அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் சேர்த்து ஓட்டலில் இட்லி வாங்கி வரச் சொன்னார். அந்த இட்லியின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. பூசணத்தைக் காய்ந்தபடியே தேய்க்கக் கூடாது, முதலில் சோப்புத் தண்ணீரால் நனைக்க வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதை எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

என் பெயர் கோமளா. பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எங்கள் கம்பெனி வாட்டர்ப்ரூஃபிங் செய்யாத தெரு குறைவு. சித்தாளாக வந்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, கடைசியில் சைட் சூப்பர்வைசராகி இருபத்தாறு வருடம் ஓட்டினேன். போன வருடம் முட்டி, இனி ஏணி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாலு விஷயம் எழுதிக் கொடு என்று முதலாளி கேட்டார். நாலு விஷயம் எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன், அதற்குள் நாலும் இருக்கிறது.

2. இரண்டு தண்ணீர்

கதைக்கு முன்னால் ஒரே ஒரு பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னதுதான்.

நம் பக்கத்தில் ஐப்பசி பிறந்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், அப்பளம் தொட்டால் வளையும், அலமாரியில் இருக்கும் தோல் செருப்பில் வெள்ளை பூக்கும். ஏரி, மழை, புழுக்கம் மூன்றும் சேர்ந்த ஊர் இது. பூசணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்குத் தேவையான தண்ணீர் இரண்டு வழியாக வரும். ஒன்று, சுவருக்குள் இருந்து வருகிற தண்ணீர். குழாய் ஒழுகல், மாடி விரிசல், குளியலறைத் தரை இதெல்லாம் அந்த வகை. நாங்கள் சீப்பேஜ் என்போம். இன்னொன்று, அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம். அது குளிர்ந்த சுவரைத் தொட்டு அங்கேயே வியர்த்து நிற்கும். ஐஸ் தண்ணீர் சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே சங்கதி.

முதல் வகையில் பெயின்ட் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும், பட்டி உதிரும். இரண்டாவது வகையில் சுவர் திடமாக இருக்கும், மேலே கறுப்புப் புள்ளி மட்டும் கோலம் போட்டது போல் பரவும். முதல் வகைக்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கலாம். இரண்டாவது வகைக்கு உடைத்தால் நீங்கள் பைத்தியக்காரர். பாடம் முடிந்தது.

3. உடைக்க வந்த இடம்

முகப்பேரில் ஒரு பழைய அடுக்குமாடி. ஒவ்வொரு மாடிப்படிக்கும் இரண்டே வீடு, கீழே ஒன்று, மேலே ஒன்று, அதற்கு மேல் மொட்டை மாடி. கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. முதலாளி என்னை அழைத்து, மேல் வீட்டுக் குளியலறை கீழ் வீட்டுச் சுவரில் ஒழுகுகிறது, குடியிருப்போர் சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள், நாளைக்கே தரையை உடைத்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். பிரேக்கர் மெஷின்கூட வண்டியில் ஏறிவிட்டது. முன்னாலேயே இடத்தைப் பார்த்து வர, புதன்கிழமை நான் போனேன்.

முதலில் கீழ் வீடு. அருணாசலம் சார், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் உலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சொர்ணம் அம்மா. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக வந்து, குவார்ட்டர்ஸில் இருந்து, அப்புறம் இந்த வீட்டை வாங்கி இருபது வருடம் ஆகிறது.

"வாங்க, இந்தக் கண்றாவியப் பாருங்க" என்று சார் என்னைப் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு அழைத்துப் போனார்.

அந்த வீட்டின் தென்மேற்கு மூலை அறை அது. கன்னி மூலையில் பீரோ இருந்தால் செல்வம் தங்கும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருக்கிறார். சுவரோடு சுவராக, விரல் நுழையாதபடி பீரோவை ஒட்டி வைத்திருந்தார்கள். பீரோவுக்கு இரண்டு பக்கமும் கறுப்பு எட்டிப் பார்த்தது. நான் டார்ச்சை அடித்துப் பின்பக்கம் பார்த்தேன். அடேயப்பா! பீரோ உயரத்துக்கு அடர்த்தியாகக் கறுத்துக் கிடந்தது.

"மேல உள்ளவ குளிக்கிற தண்ணியெல்லாம் எங்க வீட்டுக்குள்ளதான் எறங்குது" என்றார் சொர்ணம் அம்மா. "எட்டு மாசத்துக்கு முன்ன உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. போய்ச் சொன்னேன். எங்க பாத்ரூம் ஒழுகலன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டா. அன்னையிலேருந்து வேணும்னே தண்ணிய ஊத்துதா. பாருங்க, எவ்ளோ பெருசாயிட்டு!"

நான் சுவரைத் தட்டினேன். திடமாகச் சத்தம் வந்தது. பெயின்ட்டை நகத்தால் கீறினேன், கொப்புளம் இல்லை, உப்பு இல்லை. அண்ணாந்து பார்த்தேன். மேல் வீட்டுக் குளியலறை நேராக அந்த அறைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் சீலிங் புதுப் பெயின்ட் அடித்தது போல் வெள்ளையாக இருந்தது. மேலே இருந்து இறங்குகிற தண்ணீர் சீலிங்கை நனைக்காமல் பீரோ உயரத்தில் எப்படி ஆரம்பிக்கும்?

அறையில் வேறொன்றும் இல்லை. எதிரும் புதிருமாக இரண்டு சுவரில் இரண்டு பெரிய ஆணி மட்டும் இருந்தது. கொசுவலை கட்டுகிற ஆணி என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருட அனுபவம் அந்த இரண்டு ஆணியிடம் தோற்றது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் மேல் வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவர், இதே முகப்பேரில் பிறந்து வளர்ந்தவர். கதவைத் திறந்தவர் என்னையும் பார்த்தார், என் கையில் இருந்த அளவு டேப்பையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஒடைக்க வந்துட்டீங்களாக்கா?"

"இல்லம்மா, பாக்கத்தான் வந்தேன்."

உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுச் சன்னக் குரலில் சொன்னார். அவர் மகள் நித்யா பூந்தமல்லியில் கட்டிக் கொடுத்த பெண். ஏழு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்து அன்றைக்கே பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும்.

"இருக்கறது ஒரே பாத்ரூமு, ஒரே கக்கூசு. ரெண்டும் ஒட்டிக்கினு கீது. ஒடச்சா மூணு வாரம்னு சொல்றாங்க. வயித்துப் புள்ளக்காரிய நான் எங்க கூட்டிக்கினு போவேன்? 'உங்க ஊட்ல வசதி இல்லன்னா நாங்களே வெச்சிக்கிறோம்'னு சம்பந்தி சொல்லிட்டாங்க. ஏழு வருசம் காத்துக்கினு இருந்தேன்க்கா. தலப் பிரசவத்துக்குத் தாய் ஊட்ல ஒரு வாய் கஞ்சி வெச்சிக் குடுக்க எனக்குக் குடுத்து வெக்கலியா?"

"கீழ் வீட்ல சொன்னீங்களா?"

"சொல்லல. கண்ணு பட்டுடும்னு யாருக்குமே சொல்லல. அவங்களாண்ட பேச்சும் இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நித்யா நேராகக் கீழ் வீட்டுக்குத்தான் போவாளாம், சொர்ணம் அம்மா கையால் தின்று வளர்ந்தவளாம். அந்த வீட்டோடு பேச்சில்லாமல் எட்டு மாதம். காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

வாசலுக்கு வந்து முதலாளிக்கு போன் போட்டேன்.

"சார், இது மேல் ஊட்டுத் தண்ணி இல்லன்னு தோணுது. ஒரு நாள் டைம் குடுங்க."

"கோமளா, ஒடைக்கச் சொன்னா ஒடைக்கறதுதான் நம்ம வேல. நீ இன்னா டாக்டரா, டெஸ்ட் எடுக்க?"

"ஒடச்சிப் பாத்து ஒண்ணும் இல்லன்னா, அதுக்கப்புறம் அந்த ஊட்ல வந்து நீங்க பதில் சொல்றீங்களா?"

"வெள்ளிக்கெயம காலைல பத்து மணி வரைக்கும்தான். அதுக்கு மேல மெஷின் எறங்கிடும்" என்று வைத்துவிட்டார்.

4. சொட்டு நீலம்

வியாழன் காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக் குளியலறையின் நானி டிராப்பை, அதாவது தண்ணீர் போகிற ஓட்டையை, ஈரச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினேன். துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டிலை முழுதாக அதில் கவிழ்த்தேன். குளியலறை வானம் மாதிரி ஆகிவிட்டது. இருபத்துநாலு மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். தரை ஒழுகினால் கீழே நீலமாகத் தெரியும். தெரியாவிட்டால் மெஷின் திரும்பிப் போகும். இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். கழிப்பறை தனி என்பதால் அதில் சிக்கல் இல்லை. "ஒரு நாள் குளிக்கலன்னா இன்னா கொறஞ்சிடப் போவுது" என்று கஸ்தூரி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கீழே போய், பீரோவை இரண்டு பேர் உதவியோடு நகர்த்திச் சுவரைத் திறந்து விட்டேன். ஒரு ஓரத்தில் சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளை ஒரு சாண் அகலத்துக்கு வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். சுவருக்குள் இருந்து தண்ணீர் வந்தால் தாளுக்குப் பின்னால் நனையும். காற்றின் ஈரம் என்றால் தாளின் முன்பக்கம் வியர்க்கும். செலவு இல்லாத டெஸ்ட், மறந்துவிடாதீர்கள்.

அருணாசலம் சார் ஒரு ஸ்டூலைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவருக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டு வரச் சொன்னார். நான் மேல் வீட்டுக் கூடத்தில் கஸ்தூரியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குளியலறையை எட்டிப் பார்த்து, தண்ணீர் குறைகிறதா என்று சுவரில் நான் போட்ட கோட்டோடு சரிபார்த்தார்.

மூன்று மணிக்கு எனக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைட் பார்க்கும் வேலை. போய்விட்டு நாலரை மணிக்குத் திரும்பி வந்து படியில் கால் வைக்கிறேன், உள்ளேயிருந்து சத்தம்.

"வந்துட்டு! நீலம் வந்துட்டு! நான் அப்பமே சொன்னேம்லா!"

ஓடினேன். எனக்கு முன்னால் மேலேயிருந்து கஸ்தூரி ஓடி வந்தார். எட்டு மாதமாக மிதிக்காத வாசற்படியை அவர் எப்போது தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. சின்ன அறையில் சார் ஸ்டூலை விட்டு எழுந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். சுவரில் நீலமாக ஒரு கோடு, தரை வரைக்கும் வழிந்திருந்தது.

நான் நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தப்பாகக் கணித்துவிட்டோமா? கஸ்தூரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. எல்லாம் போச்சு. என் நித்யாவ நான் எங்க வெச்சிப் பாத்துக்குவேன்?"

கதவோரம் நின்ற சொர்ணம் அம்மா ஓரடி முன்னால் வந்தார். "நித்யாவுக்கு என்னட்டி?"

கஸ்தூரி தலையை நிமிர்த்தவில்லை. "முழுவாம இருக்கா. ஏயாம் மாசம். ஞாயித்துக்கெயம வளகாப்பு முடிஞ்சி இங்கதான் வரணும்."

சொர்ணம் அம்மா முகத்தை நான் பார்த்தேன். முதலில் சந்தோஷம் வந்தது. அதைத் தொடர்ந்து, இது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்பது வந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். "ஏழு மாசமாட்டி? என் பிள்ளைக்கு ஏழு மாசமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

அதற்குள் நான் சுவருக்கு அருகில் போயிருந்தேன். கோட்டைக் கீழிருந்து மேலே விரலால் தடவிக்கொண்டு போனேன். மார்பு உயரத்தில் கோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. சீலிங் வெள்ளை. அப்போது என் புறங்கையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. நீலத் துளி.

அண்ணாந்து பார்த்தேன். அந்த இரண்டு ஆணிக்கும் நடுவில் நைலான் கயிறு. கயிற்றில் சாரின் வேட்டி, இரண்டு துண்டு, ஒரு போர்வை. சுவரை ஒட்டிக் கடைசியாக, பிழிந்தும் பிழியாமலும் ஒரு புதுச் சுங்குடிச் சேலை. கருநீலம்.

"சொர்ணம்மா, இது யார் சேல?"

"எஞ் சேலதான்" என்றார் அழுகைக்கு நடுவில். "நீங்க போனபெறகு காயப் போட்டேன். மொதத் தண்ணி, சாயம் போவுது..." சொல்லிக்கொண்டே போனவர் சுவரைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு நிமிசம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நீலமா இருந்துச்சு. சேலையவா பாத்தேன்?"

முதலில் சிரித்தது கஸ்தூரிதான். தரையில் உட்கார்ந்து கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தார். சொர்ணம் அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து விக்கலே வந்துவிட்டது. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. சாரும் கடைசியில் சேர்ந்துகொண்டார். அந்த அறையில் பல மாதமாகப் பூசணத்தைத் தவிர வேறெதுவும் வளரவில்லை. அன்று நாலு பேர் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "தினமும் இங்கதான் துணி காயுதா? நேத்து நான் வந்தப்ப ஒண்ணுமே இல்லியே."

"வெளி ஆளு வந்தா ஈரத் துணியெல்லாம் தொங்கப் போட்டா வச்சிருப்பாக? எடுத்துருவேன்."

"மொட்ட மாடி இருக்கே."

சொர்ணம் அம்மா உடனே பதில் சொல்லவில்லை. சேலை நுனியை முறுக்கினார். "மாடிக்குப் போவணும்னா இவ வாசலத் தாண்டித்தானே போவணும். சண்ட போட்ட அன்னைக்கு, இனி அந்தப் படிய மிதிக்க மாட்டேன்னு ஒரு வைராக்கியம்."

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமாத்தான்."

கஸ்தூரி எழுந்து நின்றார். "அதான் கொடில எங்க துணி மட்டும் காயுதேன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒருவேள துணி காய வெக்கறதுக்கு மெஷின் வாங்கிட்டாங்க போலன்னு நெனச்சேன். ஏங்கா, என் மேல கோவம்னா என்னைய நாலு திட்டு திட்டிட்டு மாடிக்குப் போறதுதானே?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளங்கை அளவு பூசணத்துக்குச் சண்டை வந்தது. சண்டையால் துணி அறைக்குள் வந்தது. துணியின் ஈரத்தில் பூசணம் சுவர் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்துச் சண்டை இன்னும் முற்றியது. மேலே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

5. பதினெட்டு

மீதி ஒன்று இருந்தது. துணி வருவதற்கு முன்னால் அந்த முதல் உள்ளங்கை எப்படி வந்தது? பூசணம் பிடித்த சுவரின் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. மழைக்காலம்தான், ஆனால் இவ்வளவு குளிர் இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. கதவைத் திறந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டது போலிருந்தது. ஏசியில் பதினெட்டு என்று காட்டியது. காற்று நேராக இந்த நாலரை இஞ்ச் சுவரில் வந்து மோதிக்கொண்டிருந்தது. பீரோவுக்குப் பின்னால், காற்றாடாத அந்தக் குளிர்ந்த சுவர் வியர்த்துத்தான் முதல் உள்ளங்கை வந்திருக்கிறது. கட்டிலில் கனத்த கம்பளி மடித்து வைத்திருந்தது.

"சார், ராத்திரி பகல்னு ஓடுதா?"

"ஓடும். முப்பது வருசம் உலை முன்னால நின்னு வெந்தவன் நானு. ரிட்டயர் ஆனா குளுருல நடுங்கிக்கிட்டுத் தூங்கணும்னு ஆச. ஆன அன்னைக்கே வாங்கி மாட்டுனேன்."

"அவுக கம்பளியப் போத்திக்கிட்டு நடுங்குவாக. நான் கூடத்துல படுப்பேன்" என்றார் சொர்ணம் அம்மா. கணவரை மாட்டிவிட இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

சாரை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருட அனலுக்குக் கொஞ்சம் குளிர் கேட்பதில் என்ன தப்பு? பேரம்தான் பேசினோம். நான் இருபத்தாறு என்றேன், அவர் இருபது என்றார். ஃபேனையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு இருபத்துநாலு, காற்றை வேறு பக்கம் திருப்பிவிடுவது, எல்லாம் டெஸ்ட் முடிந்த பிறகு என்று முடிந்தது. பீரோ விஷயத்தில்தான் அசையவே மாட்டேன் என்றார்.

"கன்னி மூலைய விட்டு நகத்தப்படாது."

"மூலையிலயே இருக்கட்டும் சார். செவுத்துலேருந்து ஒரு சாண் தள்ளி நின்னா லட்சுமி ஓடிடவா போறா? காத்து வந்தா அவளும் நிம்மதியா மூச்சு வுடுவா."

யோசித்தார். "ஒரு சாண்னா உங்க சாணா, எஞ் சாணா?" என்று கேட்டார். அவர் கை பெரிது. அவர் சாண்தான் என்று அழுத்திச் சொன்னேன்.

வெள்ளி காலை பத்து மணி. மேலே நீலத் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. கீழே சீலிங் வெள்ளை. அலுமினியத் தாளின் முன்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது, பிரித்துப் பார்த்தால் பின்பக்கம் காய்ந்து கிடந்தது. சங்கத்து ஆட்களுக்கும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முதலாளியும் வந்திருந்தார். தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டியில் இருந்தவர்களிடம், "மெஷின எறக்காதீங்கடா, திருப்பு" என்றார். என் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, மருந்து இன்னான்னு எயுதிக் குடு" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

மருந்து ஒன்றும் பெரிதில்லை. சுவரை நனைத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பூசணம் கொல்லும் கரைசலைத் தடவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு பிரைமரும் பெயின்ட்டும். நான் கையுறை மாட்டி ஆரம்பித்தபோது இரண்டு பெண்களும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். பீரோவுக்குள் இருந்த பட்டுச் சேலைகளிலும் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அவற்றை இருவரும் கையில் அடுக்கிக்கொண்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காற்றாட விரிக்கப் போனார்கள். கஸ்தூரியின் வாசல் வந்ததும் சொர்ணம் அம்மா ஒரு நொடி நின்றாராம். கஸ்தூரி அவர் முழங்கையைப் பிடித்து மேலே நடத்திக்கொண்டு போனாராம். இதைச் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் போனேன், பொய் சொல்வானேன். இரண்டு கை நிறைய வளையலோடு நித்யா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆரத்தித் தட்டோடு இரண்டு பேர் நின்றார்கள், அம்மா ஒரு பக்கம், சொர்ணம் அம்மா ஒரு பக்கம். சொர்ணம் அம்மா அந்தச் சுங்குடிச் சேலையைத்தான் கட்டியிருந்தார். நித்யா படியேறும்போது கீழ் வீட்டுக் கதவருகில் நின்று, "பெரிம்மா, இன்னா வாசன? அதிரசமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளை மேலே அனுப்ப அரை மணி நேரம் ஆனது.

6. கேட்க வேண்டிய கேள்வி

அடுத்த சித்திரையில் அதே கட்டடத்து மொட்டை மாடியில் விரிசல் பார்க்கப் போனேன். கொடியில் குழந்தைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதே கயிற்றில் பக்கத்தில் அருணாசலம் சாரின் கம்பளி. இறங்கும்போது கஸ்தூரி காபி குடிக்க உள்ளே இழுத்துப் போனார். கூடத்தில் தூளி கட்டியிருந்தது. சொர்ணம் அம்மா உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டிருந்தார். தூளிச் சேலை வெளிர்நீலம். துவைத்துத் துவைத்துச் சாயமெல்லாம் போய், பூப்போல ஆகியிருந்தது.

"பாத்தியளா, இப்பம் ஒரு சொட்டு வடியாது" என்றார் சொர்ணம் அம்மா.

கீழ் வீட்டுச் சுவரையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பால் போல் இருந்தது. பீரோ ஒரு சாண் தள்ளி நின்றது, சாரின் பெரிய சாண்.

புதிதாக வருகிறவர்களே, உங்களிடம் இப்போது ஈரம் அளக்க மீட்டர் இருக்கிறது, சுவரின் குளிரைப் படம் பிடிக்கும் கேமராகூட இருக்கிறது. எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஆனால் பூசணம் பிடித்த வீட்டுக்குள் நுழைந்ததும், பையைத் திறப்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல துணி எங்க காயுது?" என்று கேளுங்கள். வீட்டுக்கார அம்மா உடனே பதில் சொன்னால் மீட்டரை எடுங்கள். பதில் சொல்லாமல் சேலை நுனியை முறுக்கினால், மீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஒரு காபி கேளுங்கள்.